சிவந்து எரியும் தோலை வெயிலுக்குப் பழக்க முடியுமா?

கேள்வி: என் தோல் மிகவும் வெளுத்த நிறம். பத்துப் பதினைந்து நிமிடம் வெயிலில் நின்றாலே சிவந்து எரிகிறது. கருப்பதே இல்லை, சில நாளில் தோல் உரிந்துவிடும். மூக்கிலும் கன்னத்திலும் பழுப்புப் புள்ளிகள் வேறு வந்துவிட்டன. காலையில் எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டுதான் கிளம்புகிறேன், அப்படியும் சிவக்கிறது. தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் நின்று பழக்கினால் தோல் தாங்கிக்கொள்ளும் என்று உடன் வேலை செய்பவர் சொல்கிறார். செய்து பார்க்கலாமா? ஏழு வயது மகளுக்கும் என் தோல்தான். அதனால் கவலை கூடுதலாக இருக்கிறது.

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் தோழர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய தோல் செய்யும் வேலையை உங்கள் தோல் செய்யாது.

வெயில் பட்டால் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து, தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இல் ஒரு வகைப்பாட்டைக் கொண்டுவந்தார். இப்போது அதில் ஆறு வகைகள் இருக்கின்றன. எப்போதும் சிவக்கும், கருக்கவே கருக்காது என்பது முதல் வகை. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதுதான். கருத்த தோலில் யூமெலனின் என்ற நிறமி அதிகம். அது செல்லின் உட்கருவுக்கு மேல் குவிந்து நின்று புற ஊதாக் கதிரைத் தடுக்கும். வெளிர் தோலில் அது குறைவு. அங்கே இருக்கும் ஃபியோமெலனின் அப்படிக் காப்பதில்லை. எத்தனை நாள் வெயிலில் நின்றாலும், இல்லாத நிறமியைத் தோலால் கொண்டுவர முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருப்பவர்களுக்கும் அது இலவசமாகக் கிடைக்கும் காப்பு இல்லை. செல்லின் டிஎன்ஏ அடிபட்ட பிறகுதான் தோல் கருக்கத் தொடங்குகிறது. அப்படிக் கருத்துக் கிடைக்கும் பாதுகாப்பும் எஸ்.பி.எஃப் (வெயில் சுடுவதை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எண்) 3 அல்லது 4 அளவுக்குத்தான் வரும்.

சரி, 50 போட்டும் ஏன் சிவக்கிறது? பெரும்பாலும் பூசும் அளவுதான் காரணம். குழாயில் போட்டிருக்கும் அந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்து வந்தது. நம்மில் பலர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. பிசுபிசுப்புக்குப் பயந்து ஒரு துளியை முகம் முழுக்க இழுத்துவிடுகிறோம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை பிதுக்கினால் வரும் அளவு வேண்டும். பெரியவர் ஒருவரின் உடம்பு முழுக்க என்றால் சுமார் 30 மில்லி. வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். வியர்த்தாலோ நனைந்தாலோ உடனே. காலையில் பூசியது மதியத்துக்கு வரவே வராது. காதுமடல், பின்கழுத்து, தலை வகிடு, புறங்கால், உதடு எல்லாம் சுலபமாக விட்டுப்போகும் இடங்கள்.

எண்ணைத் துரத்தவும் வேண்டாம். ஒழுங்காகப் பூசினால் எஸ்.பி.எஃப் 30 தோலைச் சுடும் கதிரில் 97 சதவீதம் வரை தடுக்கும், 50 போட்டால் 98. புற ஊதாக் கதிரில் யு.வி.ஏ, யு.வி.பி என்று இரண்டு வகை நம்மை வந்தடைகின்றன. எண்ணைவிட முக்கியம், யு.வி.ஏ கதிரையும் தடுக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்பது. எஸ்.பி.எஃப் முக்கியமாக யு.வி.பி கதிரைத்தான் கணக்கில் எடுக்கிறது. யு.வி.ஏ சுடாமலே ஆழமாக இறங்கிச் சுருக்கத்தையும் கரும்புள்ளியையும் கொண்டுவரும், ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும்.

விடாமல் பூசினால் பலன் உண்டு என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1992இல் 1,600க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம், தோல் புற்றுநோயில் ஒரு வகையான ஸ்குவாமஸ் செல் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. அவர்கள் பூசியது வெறும் எஸ்.பி.எஃப் 16தான். இன்னொரு வகையான பேசல் செல் புற்றில் ஆய்வு நடந்த காலத்துக்குள் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சன்ஸ்கிரீன் ஒன்றையே நம்பி நிற்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் நிழலும் துணியும்தான் முதலில். பிறகுதான் லோஷன். துணி வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தும் போகாது. நெருக்கமாக நெய்த, அடர் நிற முழுக்கைச் சட்டை நல்லது. மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும். யு.பி.எஃப் 50 என்று போட்ட ஆடை கிடைத்தால் வாங்கலாம். ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் கதிர் உள்ளே வராது. முன்பக்கம் மட்டும் விளிம்பு நீண்ட தொப்பி காதையும் கழுத்தையும் விட்டுவிடும், சுற்றிலும் அகல விளிம்பு இருப்பதே வேண்டும். கண்ணுக்கு யு.வி 400 என்று போட்ட கண்ணாடி. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், முடிந்தவரை வெளியே நிற்காதீர்கள். வானிலைச் செயலியில் யு.வி குறியீடு 3 அல்லது அதற்கு மேல் என்றால் இத்தனையும் தேவை. மெல்லிய மேகத்தை நம்பாதீர்கள், கதிரில் பெரும்பகுதி அதைத் தாண்டி வந்துவிடும். வைட்டமின் டி குறையுமோ என்று தோன்றினால் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொன்னால் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், முகப்பருவுக்கான ரெட்டினாய்டு, ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மருந்துகளும் தோலைச் சட்டென்று சிவக்க வைக்கும். இவற்றில் ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் பேசுங்கள்.

மகள் விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. சின்ன வயதில் கொப்புளம் வரும் அளவுக்கு வெயில் சுட்டால், பிற்காலத்தில் மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஏழு வயதுக் குழந்தை லோஷன் பூச நிற்காமல் ஓடிவிடும், தொப்பியையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுவிடுவது சுலபம். விளையாட்டு வகுப்பு நண்பகலில் இருந்தால் ஆசிரியரிடம் பேசி நிழலுக்கு ஏற்பாடு கேளுங்கள், தயங்கவே தயங்காதீர்கள். அப்படியும் சிவந்துவிட்டால் குளிர்ந்த நீரில் கழுவி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி, தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள். ஐஸ் வைக்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

உங்கள் முகத்துப் புள்ளிகள் எல்லாம் ஒரே சாயலில், தட்டையாக, மாறாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அப்படியும் ஒருமுறை தோல் மருத்துவரிடம் உடம்பு முழுக்கக் காட்டிவிடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை நீங்களே பாருங்கள். முதுகை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மச்சத்தின் இரண்டு பாதியும் ஒத்துப்போகாமல் இருந்தாலோ, ஓரம் ஒழுங்கற்று இருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் தெரிந்தாலோ, 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, எல்லாவற்றுக்கும் மேலாக அது மாறிக்கொண்டே வந்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.