பாதியில் இருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசலாமா?

புத்தக மேசை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கேள்விகள் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவை. படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை நாலு பேரோடு பகிர்ந்துகொள்வது பற்றித்தான் எல்லாமே.

எங்கள் தெருவில் எட்டுப் பெண்கள் ஞாயிறு மாலை கூடி, யார் என்ன படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். நான்காவது வாரமே சுணங்கிவிட்டது. இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் ‘இன்னும் முடிக்கலை’ என்று ஒதுங்குகிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

முடித்தால்தான் பேசலாம் என்ற நினைப்புதான் கூட்டத்தைக் கெடுக்கிறது. 300 பக்க நாவலை நாளுக்கு 15 பக்கம் வீதம் படிப்பவருக்கு 20 நாள் ஆகும். அதுவரை இரண்டு மூன்று ஞாயிறு அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பேசாமல் இருப்பது அதற்குள் பழகிவிடும். ஆகவே விதியை மாற்றுங்கள். முடித்த புத்தகத்துக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். மற்ற வாரங்களில் கையில் ஓடிக்கொண்டிருப்பதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஆளுக்கு 4 நிமிடம், அதன்பின் கேள்விகளுக்கு 2 நிமிடம். எட்டுப் பேருக்கும் சேர்த்து 48 நிமிடத்தில் முடிந்துவிடும். புத்தகத்தின் பெயர், எழுதியவர், எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள், எதனால் கையில் எடுத்தீர்கள் என்பதைச் சொல்ல ஒன்றரை நிமிடம் ஆகும். பிறகு பத்து வரி வாய்விட்டு வாசியுங்கள். இதை மட்டும் எந்த வாரமும் விட்டுவிடாதீர்கள். ‘நடை நல்லா இருக்கு’ என்று பத்து முறை சொன்னாலும் கேட்பவருக்கு அந்த நடை காதில் விழாது. பத்து வரி வாசித்தால் விழும். வரிகளை முந்தின நாளே பென்சிலால் குறித்துவையுங்கள். அங்கேயே புரட்டித் தேடினால் நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில், இதுவரை படித்ததில் புரியாத ஒன்றையோ, ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றையோ கேள்வியாக வையுங்கள். பேசாதவர்கள் வாய் திறப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அடிக்கடி நேரும் தவறு, கதை முழுவதையும் சொல்லிவிடுவது. முதல் கால் பகுதிக்கு மேல் சொல்லக்கூடாது என்று வரம்பு வையுங்கள். 300 பக்க நாவலில் 75ஆம் பக்கம்தான் எல்லை. கவிதைத் தொகுப்பு என்றால் ஒரே கவிதையை இரண்டு முறை வாசியுங்கள், முதல் முறை வாசிக்கும்போது சொல்தான் பிடிபடும். போன வாரம் கடைசியில் பேசியவர் இந்த வாரம் முதலில் பேசட்டும்.

அதிகம் பேசும் அந்த இருவரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். தேதி, பெயர், புத்தகம், பக்கம், அந்தப் புத்தகத்தை அடுத்து யார் கேட்டார்கள் என்று ஐந்து கட்டம். எழுதுகிறவர் தானாகவே மற்றவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்குவார். ஒருவருக்கு மூன்று வாரமாக ஒரே பக்க எண் நின்றால், ‘விட்டுடலாமா?’ என்று அன்பாகக் கேளுங்கள். பாதியில் விடுவது குற்றமில்லை. விட்ட பக்கத்தையும் எழுதிவையுங்கள். ஒரே புத்தகத்தை மூன்று பேர் ஏறக்குறைய அதே இடத்தில் விட்டிருந்தால், ஏன் என்று ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

கொலுசுப் பட்டறையில் வேலை. கை ஓயாது, காதில்தான் நாவல் கேட்கிறேன். இதைப் ‘படிக்கிறேன்’ என்று சொல்லலாமா?
வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

தாராளமாகச் சொல்லலாம். பக்கத்துக்குப் பதில் நேரத்தைக் குறியுங்கள்: ‘2 மணி 10 நிமிடத்தில் நிற்கிறேன்’. பிடித்த இடம் வந்ததும் அந்த நேரத்தைக் குறிக்காவிட்டால், பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு. ஒலி ஓடும் வேகத்தை ஒன்றேகால் மடங்குக்கு மேல் கூட்டாதீர்கள், வட்டாரப் பேச்சு வரும் உரையாடல் காதில் நிற்காது. பற்றவைக்கும் வேலையின்போது மட்டும் நிறுத்திவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் புத்தகம் பகிர்கிறோம். சிலர் முழு நூலையே பிடிஎஃப்பாக அனுப்புகிறார்கள். சரியா?
வாசகி, சூரமங்கலம், சேலம்

சரியில்லை. இந்தியாவில் எழுத்தாளரின் வாழ்நாளும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட, அதாவது அரசு எல்லோருக்கும் பொதுவாக்கிய தமிழ் நூல்களுக்கு இந்தத் தடை இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையதளத்திலும் ஏராளமான நூல்கள் கிடைக்கின்றன; அவற்றின் இணைப்பை அனுப்புங்கள். மற்ற நூல்களுக்கு அட்டைப் படமும் குறித்த பத்து வரியும் போதும்.

எஸ்டேட் குடியிருப்பில் 60 புத்தகங்களை ஒரு பொது அலமாரியில் வைத்திருக்கிறோம். யாரும் எடுக்கலாம். மூடுபனிக் காலத்தில் பூசணம் பிடித்து நாறுகிறது. நாப்தலீன் உருண்டை போட்டும் பயனில்லை.
வாசகர், ஏற்காடு

நாப்தலீன் பூச்சியை விரட்டும், பூஞ்சைக்கு மருந்தாகாது. அதன் ஆவி குழந்தைகளுக்கு ஆகாது, எடுத்துவிடுங்கள். பூஞ்சைக்குக் காரணம் ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் காகிதத்தில் பூஞ்சை வளரும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வரும் ஊரில் அதை முற்றிலும் தடுக்க முடியாது. ஆனால் காற்று ஓடவைக்கலாம்.

அலமாரியைச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளுங்கள், வெளிச்சுவரானால் 4 அங்குலம். குளிர்ந்த சுவரில்தான் ஈரம் கோக்கும். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கட்டும். கண்ணாடிக் கதவிருந்தால் பகலில் திறந்துவையுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்கவேண்டாம், ஒரு விரல் எளிதாக நுழையும்படி இருந்தால் சரி. பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துப் போடுவது உள்ளிருக்கும் ஈரத்தைப் பூட்டிவைக்கும். பழுப்புக் காகித அட்டை போடலாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய பெட்டிக்குத்தான். திறந்த அலமாரியில் போட்டால் அறையின் ஈரத்தையெல்லாம் இழுத்து ஓரிரு நாளில் ஓய்ந்துவிடும்.

ஏற்கெனவே பிடித்த பூஞ்சையைத் தொட்டால் பிசுபிசுக்கும்போது துடைக்காதீர்கள், நாருக்குள் அப்பிவிடும். நூலை விசிறிபோல் விரித்து நிற்கவைத்து, நிழலில் காற்றோட்டமாக உலரவிடுங்கள். சுள்ளென்ற வெயில் வேண்டாம். அட்டை வளையும், தாள் பழுக்கும். உலர்ந்து பொடியானதும் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய பிரஷ்ஷால் நூலின் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. அலமாரிக்குத் திரும்பிவரும் நூலை ஒரு வாரம் தனியே வைத்து, நாற்றமும் காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சியும் இல்லையென்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேலத்துக்கு நூல் கொடுத்தனுப்பினால் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். மலை ஈரத்தில் ஊறிய நூலைக் கோடை வெக்கையில் உடனே பிரித்து மேசையில் போட்டால் அட்டை வில்லாக வளையும். ஒரு நாள் துணிப்பைக்குள்ளேயே இருக்கட்டும். பசை ஒட்டிய முதுகுள்ள நூலை முழுக்க மலர்த்தவும் வேண்டாம். பசை அங்கேதான் விரிசல்விடும், தாள்கள் கழன்றுவரும்.

நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் தோழிக்குக் கைமாற்றலாமா?
வாசகி, பேர்லாண்ட்ஸ், சேலம்

வேண்டாம், தொலைந்தால் உங்கள் பெயரில்தான் கணக்கு நிற்கும். திருப்பிக் கொடுக்கும் நாளில் தோழியையும் கூட்டிப்போங்கள். நீங்கள் கொடுத்த கையோடு அவர் பெயரில் எடுத்துக்கொள்ளட்டும். வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நூல் இல்லவே இல்லை என்றால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதி நூலகரிடம் வாங்கிவைக்கக் கேளுங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் நீங்கள் கட்டுகிறீர்கள், தயங்காமல் கேட்கலாம்.