கிண்டியை முதலில் எழுதலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். அப்பா லாரி ஓட்டுகிறார். பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறேன். கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசை. ஆனால் சென்ற ஆண்டு எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் அங்கு கடைசியாகச் சேர்ந்தவரைவிட எனக்கு ஒரு மதிப்பெண் குறைவு. “விருப்பப் பட்டியலில் கிடைக்காத கல்லூரியை மேலே எழுதினால் கிடைப்பதும் போய்விடும்” என்கிறார் கணினி மையம் வைத்திருக்கும் அண்ணன். பணம் கட்டினால் தனியார் கல்லூரியில் இன்றே இடம் என்கிறார் ஓர் ஏஜென்ட். எட்டாம் வகுப்பு வரை அரசு உதவிபெறும் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் எனக்கு இல்லை. தூக்கமே வருவதில்லை.

பதில்: அண்ணன் சொன்னது தவறு, மகளே. முதலில் அதைத் தீர்த்துவிடுவோம்.

கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உன் முறை வரும்போது உன் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, இடம் மிச்சமிருக்கும் முதல் வரியில் நின்றுவிடும். கிண்டியில் இல்லையென்றால் அடுத்த வரிக்கு இறங்கும், அவ்வளவுதான். அது இறங்கிவரும் நேரத்தில் உன் இரண்டாவது விருப்பத்தை உனக்குப் பின்னால் நிற்பவர் எடுத்துக்கொள்ள முடியாது. ஆபத்து இருப்பது எதிர்ப்பக்கத்தில்தான். பயந்துபோய் வேறொரு கல்லூரியைக் கிண்டிக்கு மேலே எழுதினால், அங்கே இடம் இருந்தால் அதையே கொடுத்துவிடும். கிண்டியில் காலியிடம் இருந்தாலும் கேட்காது.

ஆகவே ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுது. கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்று தொடங்கி, உன் மதிப்பெண்ணுக்கு எளிதாகக் கிடைக்கக்கூடியவை வரை நீளமாக இறங்கிப் போ. என் அக்கா மகன் கௌரவம் பார்த்து ஏழே வரிகளோடு நிறுத்தினான். முதல் சுற்றில் ஒன்றும் வரவில்லை. அடுத்த சுற்றில் கிடைத்த கல்லூரிக்கு இன்றும் முணுமுணுத்துக்கொண்டே போய்வருகிறான்.

கிண்டி கிடைக்குமா என்றால், எனக்குத் தெரியாது. சென்ற ஆண்டின் கட் ஆஃப் என்பது சென்ற ஆண்டு கடைசியாக உள்ளே போனவரின் மதிப்பெண், அவ்வளவே. யாரும் உட்கார்ந்து வகுத்த தகுதிக்கோடு அல்ல. இந்த ஆண்டு அது இறங்கலாம், ஏறவும் செய்யலாம். இயற்பியலில் ஒரு மதிப்பெண் போனால் உன் கட் ஆஃப் மதிப்பெண்ணில் அரை குறையும். கணிதத்தில் போனால் முழுதாக ஒன்று. இருவர் எல்லாவற்றிலும் சமமாக நின்றால் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள், அதிலும் சமமென்றால் கணினி குலுக்கிப்போட்டுத் தரும் ரேண்டம் எண். ரேண்டம் எண் வரைக்கும் போகிற ஒரு வரிசையைப் பார்த்து உன் அறிவை எடைபோட்டுக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாயே!

7.5 சதவீத விஷயத்தில் உன் வருத்தம் நியாயமானது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. வடசென்னையில் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளின் வீடும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளின் வீடும் ஒரே சந்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் உன் கலந்தாய்வுக்குள் அது மாறப்போவதில்லை.

ஏஜென்ட்டிடம் ஒரு கேள்வி கேள்: முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டா? உன் வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லையென்றால் அந்தச் சலுகை உனக்கு உண்டு. ஆனால் கலந்தாய்வில் சேர்ந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கொடுத்துச் சேர்ந்தால் இல்லை. ஆசாமி பேச்சை மாற்றுவார், பார். சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடு.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் “ஏற்றுக்கொள்கிறேன், மேலே காலியானால் மாற்றுங்கள்” என்ற தெரிவைக் கொடுத்து, குறித்த நாளுக்குள் கட்டணத்தைக் கட்டிவிடு. கையில் ஓர் இடம் இருக்கும், கிண்டிக்கும் வாய்ப்பு மிஞ்சும். “வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும்” என்பது வேறொரு தெரிவு. அது வீம்பு, அந்தப் பக்கம் போகாதே.

பட்டியலை அப்பாவோடு உட்கார்ந்து நீயே பதிவு செய். தண்டையார்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மெட்ரோவில் ஏறினால் மாற வேண்டியதில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவை. தூரம் என்று தயங்குவார். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் மட்டும் அந்த அண்ணனிடம் கொடுத்துவிடாதே. உன் வரிசையைத் திருத்தி உதவி செய்துவிடுவார்.