மெஷ்ஷைப் பொடியாக்கினால் தகைவு ஏறிக்கொண்டே போகிறது: எந்த எண்ணை நம்புவது?

வாசகர் கேள்வி: எல் வடிவ எஃகு பிராக்கெட் ஒன்றை ஃபைனைட் எலிமென்ட் முறையில் (வடிவத்தை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளின் வலையாக, அதாவது மெஷ்ஷாக, பிரித்துக் கணக்கிடும் முறை) ஆராய்கிறேன். செங்குத்துக் கால், கிடைமட்டக் கை இரண்டுமே 20 மி.மீ. தடிமன், 50 மி.மீ. அகலம். காலின் மேல் முனை இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பிடியிலிருந்து உள்மூலை வரை 70 மி.மீ., உள்மூலையிலிருந்து கையின் நுனி வரை 150 மி.மீ. நுனி முகம் முழுவதும் பரப்பி, கீழ்நோக்கி 1000 நியூட்டன் சுமை கொடுத்தேன். இருபடி எலிமென்ட்டுகள் (முனைகளில் மட்டுமின்றி விளிம்பின் நடுவிலும் நோட், அதாவது கணக்கிடும் புள்ளி, உள்ளவை). மெஷ் அளவை 8, 4, 2, 1 மி.மீ. என்று குறைத்தபோது உள்மூலையில் வான் மீசஸ் தகைவு (பல திசைகளில் பரப்பலகின் மேல் வரும் உள்விசையை ஒரே எண்ணாக்கியது) 70, 96, 132, 181 மெகாபாஸ்கல் என்று ஏறுகிறது. நுனி இடப்பெயர்ச்சி 0.4588, 0.4652, 0.4682, 0.4696 மி.மீ. எஃகின் ஈல்ட் வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 250 மெகாபாஸ்கல். இதில் எந்த மெஷ் சரி? இன்னும் பொடியாக்க வேண்டுமா?

பதில்: தகைவைப் பொறுத்தவரை நான்கில் எதுவும் சரியில்லை. ஐந்தாவதாக ஒன்று போட்டாலும் சரியாகாது. 0.5 மி.மீ. மெஷ் போட்டால் ஏறக்குறைய 248 வரும். அதையும் பாதியாக்கினால் 340. மென்பொருளிலும் பிழை இல்லை, மெஷ்ஷிலும் பிழை இல்லை. கூர்மையான உள்மூலையில் மீட்சிக் கோட்பாடு தரும் விடையே முடிவிலிதான். எலிமென்ட் சிறிதாகச் சிறிதாக மென்பொருள் அந்த முடிவிலியை நோக்கி நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் எண்களே இதற்குச் சாட்சி. 96-ஐ 70-ஆல் வகுத்தால் 1.37. 132-ஐ 96-ஆல் வகுத்தாலும், 181-ஐ 132-ஆல் வகுத்தாலும் அதே 1.37தான். விடையை நெருங்கும் கணக்கில் அடுத்தடுத்த வித்தியாசங்கள் சுருங்கிக்கொண்டே வரும். இங்கே வித்தியாசம் 26, 36, 49 என்று பெருகுகிறது. மூலைகளை ஒட்டித் தகைவு எப்படி மாறும் என்பதை 1952-இல் எம். எல். வில்லியம்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். 90 பாகை உள்மூலையில், மூலையிலிருந்து உள்ள தூரத்தின் 0.4555 அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் தகைவு ஏறும். தூரத்தைப் பாதியாக்கினால் 2-இன் 0.4555 அடுக்கு, அதாவது 1.371 மடங்கு. விரிசல் முனையாக இருந்தால் அடுக்கு 0.5, ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் 1.41 மடங்கு. மூலையை 120 பாகைக்கு விரித்தால் 0.384, அப்போது 1.31 மடங்கு. விரித்தால் ஏற்றம் மெதுவாகும், ஆனால் நிற்காது. இதைத்தான் சிங்குலாரிட்டி என்கிறோம். ஆகவே அதிகபட்சத் தகைவு மாறா விகிதத்தில் ஏறுவதைக் கண்டால் மெஷ்ஷை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள்.

இடப்பெயர்ச்சியின் கதை வேறு. வித்தியாசங்கள் 0.0064, 0.0030, 0.0014. ஒவ்வொரு முறையும் சுமார் 2.14 மடங்கு சுருங்குகின்றன. இதிலிருந்து மெஷ் முடிவில்லாமல் பொடியானால் வரக்கூடிய விடையைக் கணிக்கலாம்; ரிச்சர்ட்சன் முறை என்பது இதுதான். கடைசி வித்தியாசத்தை (சுருக்க விகிதம் கழித்தல் 1)-ஆல் வகுத்துக் கடைசி விடையோடு கூட்டுங்கள். 0.0014-ஐ 1.14-ஆல் வகுத்தால் 0.0012. ஆக விடை 0.4708 மி.மீ. 1 மி.மீ. மெஷ்ஷின் பிழை கால் சதவீதம்தான். பேட்ரிக் ரோச் 1994-இல் முன்வைத்த கிரிட் ஒருங்குதல் குறியீட்டின்படி (மெஷ் பொடியாகப் பொடியாக விடை ஓர் எண்ணில் நிலைபெறுவதே ஒருங்குதல்) மூன்று மெஷ் ஒப்பீட்டுக்கு 1.25 என்ற பாதுகாப்புக் காரணியால் பெருக்கினால் 0.33 சதவீதம். அறிக்கையில் தைரியமாக எழுதலாம்.

இதற்குள்ளும் மூலையின் கைவரிசை இருக்கிறது. இருபடி எலிமென்ட் போட்டும் சுருக்க விகிதம் 2.14 மட்டுமே, கணக்குப்படி ஒருங்கும் வரிசை (மெஷ் பாதியாகும்போது பிழை 2-இன் எந்த அடுக்கால் சுருங்குகிறது என்ற எண்) 1.1. மூலை வழுவழுப்பாக இருந்திருந்தால் இதைவிட எத்தனையோ வேகமாக விடை கூடியிருக்கும். 90 பாகை மூலைக்கு வர வேண்டிய வரிசை 1.089. உங்கள் எண்கள் அதோடு ஒட்டிப்போகின்றன என்பது மாதிரி ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

கைக்கணக்கையும் ஒருமுறை போட்டுவிடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அலகுப் பிழையில் மாட்டுகிறார்கள். மீள் குணகம் 200,000 மெகாபாஸ்கல், வெட்டுமுகத்தின் நிலைமத் திருப்பம் 33,333 மி.மீ.⁴. கையையும் காலையும் மூலையின் உள்விளிம்பு வரை அளந்து பீம் சூத்திரத்தில் போட்டால் நுனி 0.44 மி.மீ. இறங்கும். நடுக்கோடு வரை அளந்தால் 0.51. உண்மை இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும், 0.47 இருக்கிறது. பிடியில் எதிர்விசை 1000 நியூட்டன், திருப்புத்திறன் 160 நியூட்டன் மீட்டர் வருகிறதா என்றும் பாருங்கள். கையின் அடியில் பெயரளவு வளைவுத் தகைவு 45 மெகாபாஸ்கல்.

இனி தகைவு. உண்மையான பிராக்கெட்டில் முடிவிலி கூர்மை கிடையாது. வளைத்த தகடாக இருந்தாலும், கடைந்ததாக இருந்தாலும், வார்த்ததாக இருந்தாலும் உள்மூலையில் ஏதோ ஒரு ஆரம் இருக்கும். வரைபடத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் செய்பவரிடம் எந்த ஆரமுள்ள கருவி என்று கேளுங்கள். கணக்கு ஒருங்க வேண்டுமே என்று மனதுக்குத் தோன்றிய 0.1 மி.மீ. ஃபில்லட் (மூலையை உருட்டும் வளைவு) போடாதீர்கள். அப்படிப் போட்டால் எண் நிலைத்துவிடும். ஆனால் அந்த எண்ணைத் தீர்மானித்தது நீங்கள் இட்டுக்கட்டிய ஆரம்தான்.

ஆரம் 5 மி.மீ. என்று கொள்வோம். 90 பாகை வளைவின் நீளம் 7.85 மி.மீ. முதலில் வளைவில் 4 எலிமென்ட், பிறகு 8, பிறகு 16 என்று மூன்று மெஷ் ஓட்டுங்கள். ஃபில்லட் பரப்பிலிருந்து உள்ளே போகும் திசையையும் கவனியுங்கள். தகைவு அங்கேதான் செங்குத்தாகச் சரியும். 8 எலிமென்ட் உள்ள மெஷ்ஷில் முதல் அடுக்கின் தடிமன் அரை மி.மீ. அளவில் இருக்கட்டும்; உள்ளே போகப்போக அடுக்குக்கு அடுக்கு 1.2 அல்லது 1.3 மடங்கு பெருக்கலாம். மீதி உடம்பு முழுக்க 1 மி.மீ. மெஷ் போட்டுக் கணினியை வதைக்கத் தேவையில்லை, 4 மி.மீ. இருபடி எலிமென்ட் போதும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மெஷ்ஷைப் பொடியாக்கும்போது சில மென்பொருள்களில், சில அமைப்புகளில், பழைய எலிமென்ட்டையே நேர்கோட்டில் பிளந்துவிடும். புதிய நோட்கள் உண்மையான வளைவின் மேல் உட்காராது. அப்போது ஃபில்லட் நேர்க்கோட்டுத் துண்டுகளாகிவிடும். ஒவ்வொரு துண்டும் சேரும் இடம் ஒரு குட்டி மூலை. போன சிங்குலாரிட்டி பின்வாசல் வழியாகத் திரும்பும். நோட்கள் வடிவத்தோடு இணைந்திருக்கின்றனவா, இருபடி எலிமென்ட்டின் நடு நோட் வளைவின் மேல் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

எதிர்பார்க்க வேண்டிய எண்ணும் கைக்கணக்கில் கிடைக்கும். உள் ஆரம் 5, வெளி ஆரம் 25 மி.மீ. உள்ள வளைந்த பீம் என்று எடுத்து விங்க்லர்-பாக் சூத்திரத்தில் போட்டால் உள்விளிம்பில் 90 மெகாபாஸ்கலை ஒட்டி வரும். உங்கள் பிராக்கெட்டின் வெளிமூலை சதுரம் என்பதால் அப்படியே பொருந்தாது. ஆனால் 75-க்குக் கீழோ 110-க்கு மேலோ வந்தால் உடனே நம்ப வேண்டாம். எல்லை நிபந்தனையையும் அலகுகளையும் மறுபடி பாருங்கள். மூன்று மெஷ்ஷின் எண்களுக்கும் மேலே இடப்பெயர்ச்சிக்குச் செய்ததையே செய்யுங்கள். வித்தியாசம் சுருங்க வேண்டும். எலிமென்ட் வாரியான தகைவையும் நோடில் சராசரி எடுத்த தகைவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபில்லட்டில் இரண்டும் 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த இடத்தில் மெஷ் போதவில்லை. சராசரிப் படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும், அதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

மூலை மட்டும் சிங்குலாரிட்டி தருவதில்லை. ஒற்றை நோடில் கொடுத்த விசை, ஒற்றை நோடைப் பிடித்த ஆதாரம், இறுகப் பிடித்த முகத்தின் விளிம்பு, இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒட்டும் விளிம்பு எல்லாமே தரும். சுமையை நுனி முகத்தில் பரப்பினீர்கள், அது சரியான முடிவு. 1000 சதுர மி.மீ. மேல் 1 மெகாபாஸ்கல். இருபரிமாண மாதிரியில் அதை ஒற்றை நோடில் கொடுத்திருந்தால் அந்த நோடின் இடப்பெயர்ச்சிகூட ஒருங்காது. பிடியின் விளிம்பிலும் தகைவு மெதுவாக ஏறும், அது பிடியை முழு இறுக்கமாகக் கொண்டதால் வருவது. அங்கே நிஜமாகவே உடையும் ஆபத்து இருந்தால் போல்ட், வாஷர், தொடுபரப்பு எல்லாவற்றையும் மாதிரியில் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் விளிம்பிலிருந்து ஒரு தடிமன் தள்ளித் தகைவைப் படியுங்கள்.

தானாக மெஷ் பொடியாக்கும் வசதியில் ‘அதிகபட்சத் தகைவு 5 சதவீதத்துக்குள் மாறும் வரை’ என்று கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கூர்மூலை இருக்கும் மாதிரியில் அது நினைவகம் தீரும்வரை அந்த ஒரே மூலையைத் தோண்டும். கண்காணிக்கும் இடத்திலிருந்து அந்த மூலையை விலக்கிவிட்டு ஓட்டுங்கள்.

பிளாஸ்டிக் மாதிரி (ஈல்டுக்குப் பின் வரும் நிரந்தர உருமாற்றத்தையும் கணக்கில் எடுப்பது) போட்டால் தீர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். தகைவு ஈல்ட் மட்டத்தில் அடங்கும். ஆனால் பிளாஸ்டிக் திரிபு, அதாவது நிரந்தர உருமாற்றத்தின் அளவு, மெஷ்ஷைக் குறைக்கக் குறைக்க ஏறிக்கொண்டேதான் போகும். கூர்மூலையில் பிளாஸ்டிக் திரிபின் உச்சத்தை வைத்துத் தேர்ச்சி, தோல்வி சொல்வதும் அதே தவறுதான். மொத்தத் தாங்குசுமை எவ்வளவு என்ற கேள்விக்கு அந்த மாதிரி நல்ல விடை தரும். அந்த எண் ஒருங்கும்.

மூலை வெல்டாக இருந்தால் ஃபில்லட் வழி உதவாது, வெல்ட் கால்விளிம்பின் (வெல்ட் தகட்டோடு சேரும் கோட்டின்) ஆரம் நமக்குத் தெரியாது. சோர்வுக் கணக்குக்கு (திரும்பத் திரும்ப வரும் சுமையை எத்தனை முறை தாங்கும் என்பதற்கு) சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் ஹாட் ஸ்பாட் முறையைப் பயன்படுத்துங்கள். கால்விளிம்பிலிருந்து 0.4 தடிமன், 1.0 தடிமன் தூரங்களில் பரப்புத் தகைவைப் படியுங்கள்; உங்களுக்கு அவை 8 மி.மீ., 20 மி.மீ. முதல் எண்ணை 1.67-ஆல் பெருக்கி, இரண்டாவதை 0.67-ஆல் பெருக்கிக் கழித்தால் கிடைப்பது ஹாட் ஸ்பாட் தகைவு. சிங்குலாரிட்டி பாதிக்காத இடத்தில் படித்து விளிம்புக்கு நீட்டுவதால் இந்த எண் ஒருங்கும். சோர்வு வளைவும் இந்தத் தகைவுக்கென்றே உள்ளதாக இருக்க வேண்டும். பெயரளவுத் தகைவுக்கான வளைவில் இதைப் போடக் கூடாது.

இவ்வளவு கேட்டபின் ‘அப்படியானால் முரட்டு மெஷ்ஷே போதும், மூலை எண் பொய்தானே’ என்று யாராவது முடிவு கட்டினால் அது இதைவிட ஆபத்து. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லைப்னர் ஏ கடல்மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போது உடைந்து மூழ்கியது. அறைச்சுவர்கள் சேரும் இடத்தில் எலிமென்ட் முரடாகவும் கோணலாகவும் இருந்ததால், கணக்கில் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. முரட்டு மெஷ் ஆபத்தைக் குறைத்துக் காட்டும். உங்கள் 8 மி.மீ. மெஷ்ஷில் வந்த 70-ஐப் பாருங்கள், 5 மி.மீ. ஃபில்லட்டுக்கு எதிர்பார்க்கும் 90-ஐவிடக் குறைவு.

அடுத்த ஓட்டத்துக்கு முன், நீங்கள் போட்ட அதே வகை எலிமென்ட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். அகலமான தகட்டில் சிறு வட்டத் துளை, இரு பக்கமும் இழுவிசை. கிர்ஷ் 1898-இல் தந்த தீர்வின்படி துளை விளிம்பில் தகைவு 3 மடங்கு. துளை விட்டத்தைப் போல 10 மடங்கு அகலம் வைத்துக் கால் பகுதியை மட்டும் மாதிரியாக்கினால் போதும். துளையின் கால் வட்டத்தில் 8 எலிமென்ட் வைத்தும் 3-ஐ ஒட்டி வரவில்லையென்றால், எலிமென்ட் வகை, சமச்சீர் நிபந்தனை, நடு நோட் ஆகிய மூன்றில் ஒன்று பிசகியிருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு பிராக்கெட்டுக்கு வாருங்கள்.