வேலையை விடுவதற்கு முன் எது உறுத்துகிறது என்று பாருங்கள்

இராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். திருகோணமலையில் ஆறு வருடங்களாக வங்கியில் இருந்தும் மனம் ஒட்டவில்லை, கடல் வளம் காக்கும் பணிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி வேறொன்று: வலையை விற்றாவது தவணையைக் கட்டுகிறேன் என்று ஒரு மீனவர் சொன்ன அன்று இரவு உங்களுக்கு உறக்கம் வரவில்லை. அப்படியானால் உங்களை உறுத்துவது வங்கித்துறை முழுவதுமன்று, கடன் அறவிடும் அந்த ஒரு பொறுப்பாக இருக்கக்கூடும்.

ஒரு மாதம், அன்று எந்த வேலை மனத்தைக் கனக்கச் செய்தது என்று மாலையில் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அறவிடப் போகாத நாட்களிலும் அதே சோர்வு இருந்தால் துறையை மாற்றலாம். இல்லையேல் பிரிவு மாற்றம் கேட்பதே போதும்.

இரண்டு சனிக்கிழமைகள் நிலாவெளிக்குப் போய், புறாத்தீவுக்குப் படகு விடுபவர்களோடு இருங்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அத்தீவில் பவளப்பாறையைக் காப்பதென்றால், பாறையை மிதிக்காதீர்கள் என்று வருபவர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பதும்தான். அது உங்களுக்குச் சலிக்காவிட்டால், அதை நான் பெரிய அடையாளமாகவே எடுப்பேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது படகுகள் கரையேறிவிடும், அவற்றை நம்பிய வருமானமும் நின்றுவிடும். வேலையை விட்டால், உங்கள் பிற்காலச் சேமிப்பாகச் சம்பளத்தின் மீது நிர்வாகம் செலுத்தும் 12 வீத ஊழியர் சேமலாப நிதியும் 3 வீத ஊழியர் நம்பிக்கை நிதியும் நிற்கும். ஆகவே மார்கழிக் கடலையும் ஒருமுறை பார்த்த பின்னரே முடிவெடுங்கள்.