டில்லர் முட்டியில் இடிக்கிறதா? மரத்தை அறுக்கும் முன் சில கேள்விகள், பதில்கள்

சின்னப் பாய்மரப் படகில் சுக்கானைத் திருப்பும் மரக்கட்டைதான் டில்லர். நாள் முழுக்கக் கையில் இருக்கும் பொருள் அது ஒன்றுதான். ஆனால் பாய்க்கும் கயிற்றுக்கும் கிடைக்கிற கவனத்தில் பாதிகூட அதற்குக் கிடைப்பதில்லை. சொந்தப் படகிலும் நண்பர்கள் படகுகளிலும் டில்லரை மாற்றிக் கெடுத்தும் திருத்தியும் கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: காக்பிட்டில் (ஓட்டுபவர்கள் உட்காரும் குழிவான இடம்) எதிரெதிராக இரண்டு பேர் உட்கார்ந்தால் டில்லரைத் திருப்பும்போதெல்லாம் முட்டியில் இடிக்கிறது. புது டில்லர்தான் வழியா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான சின்னப் படகுகளில் சுக்கான் தலையின் இரண்டு பக்கத் தகடுகளுக்கு நடுவே டில்லர் செருகியிருக்கும். பின்பக்கம் குறுக்கே ஒரு போல்ட், முன்பக்கம் டில்லர் உட்காருவதற்கு ஒரு தாங்கல். அந்தத் தாங்கலில் ஒரு மர ஆப்பு வைத்தால் கைப்பிடி முனை உயர்ந்துவிடும். கணக்கு சுலபம். டில்லர் நீளம் 100 செ.மீ., போல்ட்டுக்கும் தாங்கலுக்கும் நடுவே 15 செ.மீ. என்றால், 1.5 செ.மீ. கனமுள்ள ஆப்பு முனையை 10 செ.மீ. தூக்கிவிடும். முதலில் கழிவு மரத்தில் ஆப்பு செய்து, டேப் சுற்றி, ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் நல்ல மரத்தில் செய்து எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) வைத்து ஒட்டலாம். முன்பக்கமும் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் இது நடக்காது. அந்தப் போல்ட்டைக் கழற்றிவிட்டு டில்லரை மேலே தூக்க முடிகிறதா என்று பாருங்கள். தூக்க முடிந்தால் இன்னொரு லாபமும் உண்டு: நங்கூரம் போட்ட பிறகு டில்லரை நிமிர்த்திக் கட்டிவிடலாம், காக்பிட் முழுவதும் உங்களுக்கே.

கேள்வி: என் டில்லர் காக்பிட்டில் பாதியை அடைத்துக்கொள்கிறது. 120 செ.மீ. இருக்கிறது. 90 ஆக வெட்டிவிடலாமா அண்ணா?

பதில்: வெட்டலாம். ஆனால் அதே வேலையைச் செய்யக் கைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பலம் வேண்டியிருக்கும். நெம்புகோல்தானே, கணக்கு ஏமாற்றாது. இளங்காற்றில் ஒன்றும் தெரியாது. காற்று ஏறிய நாளில்தான் தெரியும். நானும் ஒருமுறை ஆசைப்பட்டு 20 செ.மீ. அறுத்தேன். முதல் பலத்த காற்றிலேயே இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அந்தத் துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது, காகிதம் பறக்காமல் வைக்க உதவுகிறது.

அறுக்கும் முன் முனையிலிருந்து 30 செ.மீ. உள்ளே ஒரு டேப் ஒட்டுங்கள். நல்ல காற்றுள்ள மதியம் முழுக்க அந்த இடத்தில் மட்டும் பிடித்து ஓட்டுங்கள். கை வலிக்கவில்லை என்றால் ரம்பத்தை எடுங்கள். டில்லர் பைலட் (தானாகவே டில்லரைத் தள்ளி இழுத்துத் திசை பிடிக்கும் கருவி) பொருத்தும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சின்னப் படகுகளுக்கான பிரபலமான மாடல்களில் அதை மாட்ட டில்லரில் பதிக்கும் ஊசி, சுக்கான் அச்சிலிருந்து 46 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். அந்த இடத்தில் மரம் கெட்டியாக இருப்பது முக்கியம்.

கேள்வி: இரண்டு மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டை கழன்று போகிறது. டில்லரை நீட்டினால் சரியாகுமா?

பதில்: இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் பத்தில் எட்டு தடவை குற்றவாளி டில்லர் இல்லை. படகு காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பப் பார்க்கிறது, அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பதால்தான் தோள் வலிக்கிறது. லேசாக அப்படி இழுப்பது நல்லதே. கை விட்டால் படகு காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிடும், கையிலும் ஓர் உணர்வு இருக்கும். நேராகப் போவதற்கே டில்லரை ஐந்து டிகிரிக்கு மேல் ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால்தான் வம்பு. அப்போது சுக்கான் பிரேக் மாதிரி வேலை செய்கிறது, வேகமும் போகிறது.

முதலில் சுக்கான் பலகையைப் பாருங்கள். மேலே தூக்கும் வகைப் பலகை முழுதாகக் கீழே இறங்காமல் பின்பக்கம் சாய்ந்து நின்றால், தண்ணீரின் அழுத்தம் அச்சிலிருந்து தள்ளிப் போய் டில்லர் கல் மாதிரி கனக்கும். இறக்கும் கயிறு கொஞ்சம் தளர்ந்திருந்தாலே போதும், நாள் கெட்டுவிடும். அந்தக் கயிற்றை இறுக்கியதும் "புதுப் படகு மாதிரி இருக்கிறது" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அது சரியாக இருந்தால் அடுத்தது பாய். படகு அதிகம் சாய்கிறதா? பெரிய பாயைச் சுருக்குங்கள். சுருக்க வேண்டாம் என்று தோன்றினால் அடி ஓரத்தை இழுத்துப் பாயைத் தட்டையாக்கி, மெயின்ஷீட்டை, அதாவது பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, கொஞ்சம் விடுங்கள். பழைய பாய் என்றால் துணி தளர்ந்து, அதன் வயிறு பின்னுக்கு நகர்ந்திருக்கும். அதுவும் படகைத் திருப்பும். பாய்மரம் பின்பக்கம் அதிகம் சாய்ந்திருந்தாலும் இதே கதைதான். இத்தனையும் பார்த்த பிறகும் வலித்தால் டில்லருக்கு வாருங்கள்.

கேள்வி: டில்லர் நீட்டிப்புக் கோல் வாங்கப் போகிறேன். எவ்வளவு நீளம் வேண்டும்?

பதில்: கடையில் கேட்காதீர்கள், படகில் அளந்து பாருங்கள். காற்றுப் பக்க ஓரத்தில் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு துடைப்பக் கட்டையை டில்லர் முனையில் கயிற்றால் கட்டி, மார்புக்கு முன்னால் வசதியாகப் பிடிக்கும் இடத்தில் குறி வையுங்கள். அதற்கு மேல் ஒரு கையளவு போதும். நீளம் கூடினால் பக்கம் மாற்றித் திரும்பும்போது மெயின்ஷீட்டில் மாட்டும், அதுவும் மாட்டக் கூடாத நேரத்தில்.

கோலையும் டில்லரையும் சேர்க்கும் மூட்டு ரப்பராக இருந்தால் எல்லாப் பக்கமும் மடங்கும், சத்தமும் வராது. ஆனால் வெயிலில் ரப்பர் வெடிக்கும். வளைத்துப் பார்த்து மேலே கீறல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கூடவே மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி வைத்தால், மூட்டு அறுந்தாலும் கோல் தண்ணீருக்குப் போகாது.

கேள்வி: வளைந்த டில்லரை வீட்டிலேயே செய்ய முடியுமா? தச்சு வேலை கொஞ்சம் தெரியும்.

பதில்: முடியும், சந்தோஷமான வேலையும்கூட. ஒரே கட்டையை வளைவாக அறுத்து எடுக்க மட்டும் வேண்டாம். வளைவில் மர நார் குறுக்கே வெட்டுப்படும், ஒருநாள் அங்கேயே உடையும். மெல்லிய பட்டைகளை ஒட்டிச் செய்வதுதான் முறை.

ஆஷ் மரத்தையும் மகோகனி மரத்தையும் மாற்றி மாற்றி அடுக்கினால் கண்ணுக்கும் அழகு. 5 மி.மீ. பட்டைகள் எட்டு வைத்தால் அடியில் 40 மி.மீ. கனம் கிடைக்கும். வளைவு கடுமையாக இருந்தால் 3 மி.மீ. பட்டை எடுங்கள். ஒரு பலகையில் வளைவை வரைந்து கட்டைகளைத் திருகி அச்சு செய்யுங்கள், மேலே பாலிதீன் விரியுங்கள், இல்லாவிட்டால் டில்லர் அச்சோடு கல்யாணம் செய்துகொள்ளும். முதலில் பசை இல்லாமல் எல்லா கிளாம்பையும் போட்டு ஒத்திகை பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு முகத்திலும் எபாக்ஸி தடவி, நடுவிலிருந்து முனைகளை நோக்கி இறுக்குங்கள். பலம் கொண்ட மட்டும் இறுக்கக் கூடாது. பட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் எபாக்ஸி தங்க வேண்டும், பிழிந்து வெளியேற்றினால் ஒட்டு பலவீனமாகிவிடும். தேக்கு என்றால் ஒட்டும் முன் அசிட்டோனால் எண்ணெய்ப்பசையைத் துடைத்துவிடுங்கள். குறைந்தது ஒரு நாள் அப்படியே விடுங்கள். கழற்றியதும் வளைவு கொஞ்சம் நிமிரும், அதற்காக அச்சை வேண்டியதைவிடச் சற்று அதிகமாக வளைத்து வைப்பது வழக்கம்.

சுக்கான் தலைக்குள் போகும் பகுதியைப் பழைய டில்லரின் அளவுக்கே இழையுங்கள். கைப்பிடியை மட்டும் ஒல்லியாக்கிவிடாதீர்கள். ஒல்லியான பிடியை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், விரல் சீக்கிரம் களைத்துவிடும். மூடிய கையில் கட்டைவிரல் நடுவிரலைத் தொட்டும் தொடாமல் இருக்கும் கனம் எனக்குச் சரியாக இருக்கிறது.

கேள்வி: எபாக்ஸி பூசியாயிற்று. வார்னிஷ் வேறு வேண்டுமா?

பதில்: கட்டாயம். எபாக்ஸி வெயிலைத் தாங்காது, மஞ்சளித்து உரியும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கடல் வார்னிஷ் ஆறு பூச்சாவது கொடுங்கள், நடுநடுவே உப்புத்தாள் போட்டு. படகு சும்மா நிற்கும்போது துணி உறை ஒன்று மாட்டினால், அந்த ஆறு பூச்சு பல வருடம் வரும்.

கேள்வி: வார்னிஷ் போட்டதும் ஈரக் கையில் வழுக்குகிறது.

பதில்: பிடிக்கும் இடத்தில் பருத்திக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். சைக்கிள் ஹேண்டில் டேப்பும் நன்றாக உழைக்கும். பஞ்சு உறை மட்டும் வேண்டாம், தண்ணீரைக் குடித்து உள்ளே மரத்தை ஊற வைத்துவிடும்.

கேள்வி: டில்லர் சுக்கான் தலையில் ஆடுகிறது, கடகட என்று சத்தம் வேறு. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை.

பதில்: இறுக்குவதை நிறுத்துங்கள், தகடு வளைந்துவிடும். மரத்தில் ஓட்டை தேய்ந்து பெரிதாகியிருக்கிறது. அதை இன்னும் பெரிதாகத் துளைத்து, மரம் காய்ந்த பிறகு, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் போல்ட் அளவுக்குத் துளையிடுங்கள். போல்ட் இனி மரத்தைத் தொடாது, தண்ணீரும் உள்ளே போகாது. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய நைலான் வாஷர் போட்டால் சத்தமும் அடங்கும். ஆட்டம் சுக்கான் கீல்களில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒருவர் டில்லரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சுக்கான் பலகையை ஆட்டினால் எங்கே இடைவெளி என்று தெரிந்துவிடும்.

கேள்வி: தனியாக ஓட்டும்போது தண்ணீர் குடிக்கக்கூடக் கை விட முடியவில்லை.

பதில்: காக்பிட்டின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, நடுவில் டில்லரைச் சுற்றி ஒரு சுற்று. கயிறு இறுக்கமாக இருந்தால் உராய்வே டில்லரைப் பிடித்துக்கொள்ளும், கையால் தள்ளினால் நகரும். எலாஸ்டிக் கயிறாக இருந்தால் இன்னும் மென்மை. ஆனால் ஒன்று: டில்லரைக் கட்டிவிட்டு நீங்கள் தண்ணீரில் விழுந்தால் படகு உங்களை விட்டுவிட்டு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். தனியாக இருக்கும்போது உங்களைப் படகோடு கட்டிக்கொள்ளாமல் டில்லரைக் கட்டாதீர்கள்.

கேள்வி: என் படகு 22 அடி. பேசாமல் டில்லருக்குப் பதில் ஸ்டீயரிங் வீல் போட்டுவிட்டால்?

பதில்: உங்கள் படகு 22 அடி. வீலுக்குப் பீடம் வைத்தால் டில்லரைவிட அதிக இடம் போகும், அதைத் தூக்கி நிமிர்த்தவும் முடியாது.

கேள்வி: முதல் கேள்வி கேட்டது நான்தான். ஆப்பு வைத்துப் பார்த்தேன். முட்டி தப்பியது, ஆனால் உட்கார்ந்து பிடித்தால் கை தோள் உயரத்துக்குப் போகிறது.

பதில்: அப்படியானால் முட்டி இடிப்பது டில்லரின் நடுப்பகுதியில். அது தப்புவதற்குள் முனை அதிகம் ஏறிவிடுகிறது. ஆப்பைப் பாதியாக இழைத்துப் பாருங்கள். கை முழங்கை உயரத்தில் நின்று முட்டியும் தப்பினால் அதோடு விட்டுவிடலாம். இல்லையென்றால் உங்களுக்கு வளைந்த டில்லர்தான்: சுக்கான் பக்கத்திலேயே சட்டென்று ஏறி, அப்புறம் சமமாக வரும் வளைவு. அட்டையில் வெட்டி இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு அச்சை வரையுங்கள்.