மாநில ஆலோசனை வாரியத்தால் மலிவு விலை வீட்டுக் கொள்கையில் உண்மையில் என்ன செய்ய முடியும்?

நான் பினாங்கில், பிறைப் பக்கம் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். எங்கள் புளோக்கின் நிர்வாகக் குழுச் செயலாளராக நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டியிருக்கிறேன் (சில நாட்களில் உண்மையாகவே). எந்த வாரியத்திலும் உட்கார்ந்ததில்லை. மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் என்ற முறையில்தான் இந்தப் பதில்.

வாரியம் மாநில அரசுக்கு யோசனை சொல்லும், சட்டம் இயற்றாது. முடிவு மாநில ஆட்சிக்குழுவின் கையில். ஆனால் மலேசியாவில் நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கூட்டரசு (மத்திய அரசு) எத்தனை வீட்டுத் திட்டம் அறிவித்தாலும் மாநிலம் நிலத்துக்குத் தலையசைக்காமல் ஒரு செங்கல்கூட ஏறாது. ஆகவே மாநிலத்துக்கு யோசனை சொல்கிறவர்கள் யார் என்பது சின்ன விஷயமில்லை.

எல்லாரும் முதலில் பேசுவது விலையை. பினாங்கில் பல ஆண்டுகள் மலிவு விலை வீட்டுக்கு உச்சவரம்பு 42,000 ரிங்கிட், நடுத்தர மலிவு விலை வீட்டுக்கு 72,500 ரிங்கிட் என்று இருந்தது. அதற்கு மேல் 300,000 வரை பல படிகள் இருந்தன. அந்த 42,000 என்பது 1998இல் நாடு முழுவதற்கும் வகுத்த விலைப் படிகளில் உச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு சிமெண்டும் கம்பியும் எங்கேயோ போய்விட்டன. மேம்பாட்டாளர் அந்த நட்டத்தை அதே நிலத்தில் எழும் விலையுயர்ந்த வீடுகளின் தலையில் கட்டுகிறார். எத்தனை விழுக்காடு மலிவு வீடு கட்டச் சொல்வது, கட்டாதவரிடம் பணமாக எவ்வளவு வாங்குவது என்ற கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அது வாரியத்தின் வேலை.

இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டின் இடைநிலை விலை (எல்லா விலைகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது), குடும்பத்தின் ஆண்டு இடைநிலை வருமானத்தைப் போல மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் அது வாங்கக்கூடிய விலை என்பது பலரும் பயன்படுத்தும் அளவுகோல். கசானா ஆய்வுக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2014இல் பினாங்கில் அது 5.2 மடங்கு. அரசு எதை ‘மலிவு’ என்று பெயரிட்டாலும் இந்த எண் ஒத்துக்கொள்ளாது. போதாததற்கு வங்கி. தொழிற்சாலைப் பஸ் ஓட்டுகிறவருக்கும் துப்புரவுக் குத்தகையில் வேலை செய்யும் அக்காவுக்கும் ஒழுங்கான சம்பளச் சீட்டு கிடையாது. வீடு ஒதுக்கும் குலுக்கலில் பெயர் வரும், கடன் வராது. எங்கள் புளோக்கிலேயே மூன்று குடும்பங்கள் இப்படிக் கைக்கெட்டிய வீட்டை விட்டிருக்கின்றன. வாடகையாகக் கட்டிச் சொந்தமாக்கும் வழியை வாரியம் வற்புறுத்த வேண்டும் என்பேன்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே லிப்டுக்காகத்தான்.

வீட்டின் விலைக்கு அரசு வரம்பு கட்டலாம். லிப்டுக்குக் கட்ட முடியாது. பணக்காரர் குடியிருக்கும் கோபுரத்தின் லிப்டுக் கயிறு என்ன விலையோ, எங்கள் லிப்டுக்கும் அதே விலை. ஒரு கணக்குக்கு, 200 வீடுகள் மாதம் 50 ரிங்கிட் பராமரிப்புக் கட்டணம் தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கட்டினால் 10,000. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அந்தக் கட்டணத்தின் பத்து விழுக்காட்டுக்குச் சமமான தொகையைக் கூடுதலாக, பெரிய செலவுகளுக்கான சேமநிதிக்குக் கட்ட வேண்டும். மாதம் ஆயிரம், ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். லிப்டு மாற்ற லட்சக்கணக்கில் வேண்டும். பாதி வீடுகள் கட்டணமே தராத புளோக்கில் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எட்டாவது மாடிப் பாட்டி ஒருவர் ஐந்து வாரம் கீழே இறங்கவில்லை. பையன்கள் அவருக்குக் காய்கறி தூக்கிக்கொண்டு போனார்கள்.

பினாங்கு அரசு இதற்கென்று ஒரு திட்டம் வைத்தது: தனியார் கட்டிய மலிவு விலை அடுக்குமாடிகளில் லிப்டு, கூரை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் செலவில் 80 விழுக்காடு வரை மாநிலம் தரும், மீதி குடியிருப்பவர் பொறுப்பு. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 20 விழுக்காட்டைத் திரட்ட முடியாத புளோக்குகளே மிகவும் நொந்துபோனவை. வாரியத்தின் மேசையில் மேம்பாட்டாளரும் வங்கியாளரும் அதிகாரியும் மட்டும் இருந்தால் இந்த ஓட்டை யார் கண்ணிலும் படாது. படிக்கட்டு ஏறி மூச்சு வாங்கிய ஒருவர் இருந்தால் முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

மறுவிற்பனைத் தடையைப் பற்றி ஒரு வரி: மலிவு விலை வீட்டை மாநில அனுமதி இல்லாமல் பத்து ஆண்டுக்குள் விற்க முடியாது என்று 2014இல் இங்கே விதி வந்தது. பலர் திட்டுகிறார்கள், நான் ஆதரிக்கிறேன்.

நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் வாரியத்தின் அழைப்புக்காகக் காத்திருக்காதீர்கள். நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இன்படி கட்டமைப்புத் திட்டத்தின் (மாநில நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று வகுக்கும் திட்டம்) வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். எழுத்தில் ஆட்சேபம் தரலாம். ஒருமுறை நானும் போனேன். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு மேலே இரண்டே தமிழ்ப் பெயர்கள் இருந்தன.