வாசகர் கேள்வி: வீட்டுக்கு எந்த இணைய இணைப்பு?

கேள்வி: பெங்களூரு நிறுவனமொன்றில் பணிபுரியும் என் மகன் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், மகள் கல்லூரி மாணவி. உள்ளூர் கேபிள்காரர் 200 எம்.பி.பி.எஸ். வேகம் தருவதாகச் சொல்கிறார், பெரிய நிறுவனமொன்று அதே விலைக்கு 100தான் தருகிறது. வயரே இல்லாத 5ஜி பெட்டியும் வந்துவிட்டது. எதை எடுப்பது? (வாசகர், காவேரிப்பட்டினம்)

பதில்: 200, 100 என்ற எண்களைச் சற்று ஒதுக்கி வையுங்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்.பி.பி.எஸ்., அதாவது வினாடிக்கு 100 மெகாபிட் என்பது, வினாடிக்கு 12.5 மெகாபைட்தான், ஆனால் உங்கள் வீட்டுக்கு அதுவே தாராளம். மகனின் வீடியோ மீட்டிங்குக்கு நான்கு எம்.பி.பி.எஸ். போதும், கூடத்து டிவியில் 4கே படம் ஓடினாலும் 25க்கு மேல் கேட்காது. அப்லோடு வேகம் எவ்வளவு என்பதை மட்டும் மறக்காமல் கேளுங்கள். மீட்டிங்கில் மகனின் முகமும் குரலும் அடுத்தவருக்குப் போய்ச் சேருவது அதில்தான்.

நம் ஊர்களில் இதைவிடப் பெரிய கேள்வி, லைன் அறுந்தால் யார் வருவார் என்பது. மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கிக்கொண்டு வரும் ஃபைபரை (ஒளி வழியே இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிளை) ஆடிக்காற்றில் முறியும் ஒரு கிளையோ, குழாய் பதிக்க வந்த ஜேசிபியோ அறுத்துவிடலாம். வீட்டிலுள்ள ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ (LOS) என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வீடுவரை ஒளியே வரவில்லை என்று பொருள். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, ஒட்டுப்போடும் மெஷினோடு ஆள்தான் வரவேண்டும். ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிய எனக்கு மூன்றாம் மாதத்தில் இப்படி ஆனது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒன்பது நாளும் ‘ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்’ என்றே சொன்னார்கள். பத்தாம் நாள் ஏணியோடு வந்த பையன் இருபது நிமிடத்தில் ஒட்டுப்போட்டுவிட்டுப் போனான்.

ஆகவே, உங்கள் தெருவிலேயே அந்தந்த இணைப்பை வைத்திருப்பவர்களிடம், கடைசியாக லைன் போனபோது எத்தனை நாளில் சரிசெய்தார்கள் என்று விசாரியுங்கள். பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட நிறுவனங்களுக்கும் பல இடங்களில் உள்ளூர் கேபிள்காரரே வீடுவரை லைன் இழுத்துப் பராமரிக்கிறார் என்பதால், இரண்டு பெயரில் வருவது ஒரே ஆளாகவும் இருக்கலாம். மின்தடை நேரத்தில் தன் பக்கத்துக் கருவிகளுக்கு அவர் பேட்டரி வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அது இல்லையென்றால் நீங்கள் ரூட்டருக்கு யுபிஎஸ் வாங்கியும் வீண்.

5ஜி பெட்டி, ஃபைபர் எட்டாத தோட்டத்து வீடுகளுக்கு ஏற்றது. அதையே எடுப்பதானால், அதே நிறுவனத்தின் 5ஜி சிம் உள்ள போனை இரவு எட்டு மணிக்கு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வேகம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஊரே வீடியோ பார்க்கும் அந்த நேரத்தில்தான் டவரின் உண்மையான நிலை தெரியும்.

விலையைப் பொறுத்தவரை, 599 ரூபாய்த் திட்டத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து நீங்கள் கட்டப்போவது ஏறத்தாழ 707 ரூபாய். ‘அன்லிமிடெட்’ என்பதற்கும் பெரும்பாலும் மாதாந்தர வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் குறையும். முதல் இரண்டு மாதம் மாதக் கட்டணமாகவே கட்டுங்கள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டால், பிறகு நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

கேள்வி: கீழே நன்றாக வருகிற வைஃபை மாடி அறையில் வருவதில்லை. வேகமான திட்டத்துக்கு மாறலாமா? (வாசகி, பாலக்கோடு)

பதில்: வேண்டாம் அம்மா, தடை கான்கிரீட் தளத்தில் இருக்கிறது. வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரையும் தளத்தையும் எளிதில் தாண்டாது. மாடியில், போனின் வைஃபை பட்டியலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் (2.4G) என்றிருக்கும் பெயரில் இணைத்துப் பாருங்கள். ரூட்டர் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தால் மாடிப்படி அருகே உயரத்தில் மாட்டுங்கள். அப்போதும் வராவிட்டால், கீழிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து மாடியில் இரண்டாவது ரூட்டர் வைப்பதே சரி. பழைய ரூட்டர் பரணில் கிடந்தால் அதுவே போதும்.